சான்று அண்ணையும் தவக்காலத்து மேளமும்

உரோமாபுரியில் இருக்கும் பாப்பரசருக்கு, நாளைக்கு என்ன திருநாள் என்று திடீரென்று ஒரு சந்தேகம் வந்தால், அவர் யாழ்ப்பாணத்து அளவெட்டிக்குத்தான் தொலைபேசி எடுக்கவேண்டும். அங்கே நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர் எடுப்பார். "ஹலோ" என்றுகூடச் சொல்லமாட்டார். "திருநாளிலை நாலு தரம் இருக்கு. பெருவிழாவோ, விழாவோ, நினைவோ, விருப்ப நினைவோ? முதல்லை அதைச் சொல்லிப்போட்டுக் கேளுங்கோ" என்பார். பாப்பரசர் தடுமாறிப்போவார். நான் தடுமாறியிருக்கிறேன், எங்கள் பங்குச் சுவாமியார் தடுமாறியிருக்கிறார், பாப்பரசர் மட்டும் தப்பிவிடுவாரா?

அவருடைய சொந்தப் பெயர் அலுவலக வரவுப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் சான்று அண்ணை.

யாழ்ப்பாண நகரத்தில் ஓர் அரச அலுவலகம். எது என்று சொல்லமாட்டேன், எனக்கு ஓய்வூதியம் வரவேண்டும். அங்கே நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. மூலப் பத்திரத்தையும் பிரதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, "உண்மைப் பிரதி" என்று முத்திரை குத்துவது அவர் வேலை. வருடக்கணக்காக அதையே செய்தால் ஒரு மனிதர் என்ன ஆவார்? "இண்டைக்குச் சரியான வெக்கை" என்று யாராவது சொன்னால், "எத்தினை பாகையாம்? எங்கை வாசிச்சனீர்?" என்று கேட்பவராக ஆவார். ஒருமுறை ஒரு சக ஊழியர், தன் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை தங்கமான பொடியன் என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். சான்று அண்ணை மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"ஆர் சொன்னது? பொடியன்ரை தாயோ?"

"ஓம், தாய்தான்."

"அப்ப அது எடுபடாது. சம்பந்தமில்லாத ஆரும் சொன்னவையோ?"

அந்த மனிதர் ஒரு கிழமை இவரோடு கதைக்கவில்லை. கலியாணத்துக்கும் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கத்தோலிக்கத் திருநாள் பைத்தியத்தைப் பிடிக்கவைத்த பாவி நான்தான் என்று பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பங்குனி மாதம் லீவுக் கடிதம் எழுதி அவர் மேசையில் வைத்தேன். காரணம்: கோயில் பெருநாள்.

"என்ன பெருநாள்?"

"கொழும்புத்துறையிலை எங்கடை மங்கள மாதா கோயில் பெருநாள், அண்ணை."

"மாதாவுக்கு அண்டைக்கு என்ன நடந்தது?"

"அது... மாதாவின்ரை நாள்தானே."

"பிறந்த நாளோ, கலியாண நாளோ, செத்த நாளோ?"

நான் விழித்தேன். ஞானஸ்நானம், முதல் நன்மை, உறுதிபூசுதல் எல்லாம் வரிசையாகப் பெற்றவள் நான். மறைக்கல்வி வகுப்பில் பரிசுகூட வாங்கியிருக்கிறேன்.

"நீர் வேதக்காரிதானே? அதுக்குச் சான்று இருக்கோ?" என்றார். கழுத்தில் கிடந்த செபமாலையை எடுத்துக் காட்டினேன். "உது கடையிலையும் விக்குது" என்றார்.

பிறகு அவரே சொன்னார். கபிரியேல் சம்மனசு மரியாளிடம் வந்து மங்கள வார்த்தை சொன்ன நாள். மார்ச் இருபத்தைந்து. அங்கிருந்து எண்ணினால் நத்தாருக்குச் சரியாக ஒன்பது மாதம். "ஒன்பது மாசம்! கணக்கு எவ்வளவு வடிவாப் பொருந்துது பாத்தீரோ!" என்று மேசையில் தட்டினார். முத்திரைக் கட்டை உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை. கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். இணையத்தில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதல்லவா, அதன் தமிழ்ப் பக்கம். அந்தத் திருநாளைப் பற்றி அங்கே ஒரே ஒரு வரி. அது ஒரு கிறித்தவத் திருநாள் ஆகும், அவ்வளவுதான்.

"ஒரு வரி! ஆடு எண்டால் ஒரு மிருகம் எண்டு எழுதின மாதிரி! உங்கடை ஆக்கள் ஒருத்தரும் இதைப் பாக்கேல்லையோ?"

எங்கடை ஆட்கள் சார்பில் நான் தலையைக் குனிந்தேன். அன்று மதியம் அவர் எழுதத் தொடங்கினார்.

அதற்குப்பின் அந்த அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இருக்கவில்லை. வலது கையால் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், இடது கையின் ஒற்றை விரலால் தட்டச்சு. மார்கழி தொடங்கி மார்கழி வரை, அப்போஸ்தலர், வேதசாட்சிகள், மறைவல்லுநர்கள் என்று ஆள் விடாமல் எழுதினார். பேதுருவின் நாற்காலிக்கு ஒரு திருநாள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அதை எழுதிய கிழமை முழுவதும், அலுவலகக் கதிரையில் யாராவது காலைத் தூக்கி வைத்தால், "கதிரைக்கு மரியாதை குடுங்கோ" என்றார்.

எந்தக் காலத்துக் கட்டுரையை எழுதுகிறார் என்று மறக்காமல் இருக்க, திருவழிபாட்டு நிறத்தில் மேசைக்கு ஒரு துணி விரிப்பார். அது ஒரு தேர்தல் நேரம். மேசையில் மாதக்கணக்காகப் பச்சைத் துணி கிடந்தது. மேலதிகாரி வந்து நின்றார்.

"எலெக்சன் நேரத்திலை மேசையிலை என்ன கொடி, ஐசே?"

"கொடி இல்லை, சேர். பொதுக்காலம்."

பெரிய திருநாள்கள் இல்லாத பொதுக்காலத்துக்குக் கோயிலில் பச்சைதான் நிறம் என்பது மேலதிகாரிக்கு எங்கே தெரியும்? கார்த்திகைக் கடைசியில் அந்திரேயா திருநாள் வந்தது, வேதசாட்சிக்குரிய சிவப்பு விரித்தார். "கட்சி மாறிட்டீரோ?" என்றார் மேலதிகாரி. இரண்டு நாளில் திருவருகைக் காலம் தொடங்கியது. ஊதா. மேலதிகாரி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "இது எந்தக் கட்சி, பிள்ளை? புதுசோ?" என்று கேட்டார்.

கட்டுரைக்காக அவர் எங்கள் கோயில் பூசைக்கும் வரத் தொடங்கினார். கடைசி வாங்கிலில், கையில் குறிப்புப் புத்தகம். முழந்தாளிடமாட்டார், சிலுவை போடமாட்டார், ஒவ்வொன்றையும் எழுதுவார். முதல் நாள் பூசை முடிந்ததும் நேரே பாதரிடம் போனார்.

"பாதர், இண்டைக்கு வெறும் நினைவுதானே. பெருவிழாவும் இல்லை, விழாவும் இல்லை. பிறகேன் 'உன்னதங்களிலே' பாடினனீங்கள்?"

பாதர் வெலவெலத்துப்போனார். இவர் போனபின் என்னைக் கூப்பிட்டு, "ஆர் பிள்ளை அந்த ஆள்? ஆயர் அனுப்பினவரோ?" என்று கேட்டார். அளவெட்டிச் சைவக்காரர் என்றேன். அதைக் கேட்டபின்தான் பாதருக்குக் கூடுதலாகப் பயம் வந்தது. அடுத்த ஞாயிறு தொடக்கம் பூசைப் புத்தகத்தை இரண்டுமுறை பார்த்துவிட்டே பீடத்துக்கு ஏறினார்.

அவர் மனைவியான அண்ணியும் ஒருமுறை தொலைபேசியில் என்னிடம் பொருமினார். "சிவராத்திரி எண்டைக்கு எண்டு கேட்டன், தங்கச்சி. கலண்டரைப் பார் எண்டுறார். மனிசனுக்கு உங்கடை விபூதிப் புதன் மட்டும் பாடம்."

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உலகத் திருநாள் எல்லாம் எழுதி முடித்தபின், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான ஒரு தவக்காலத்தில், எங்கள் கொழும்புத்துறை மங்கள மாதா கோயில் பெருநாளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வள்ளத்துறைப் பக்கம் இருக்கும் சின்னக் கோயில் அது, ஐம்பது பேர் நின்றால் நிரம்பிவிடும். எங்கள் கோயில் உலகக் கலைக்களஞ்சியத்திலா! நான் குதித்துக்கொண்டு வாசித்தேன். கொடியேற்றம், நவநாள், மாதாவின் சிலையான சுருவத்தைத் தோளில் சுமக்கும் கூட்டில் வைத்துக் கடற்கரைவரை கொண்டுபோகும் பவனி, எல்லாம் அச்சொட்டாக இருந்தது. கடைசியில் ஒரு வசனம். தவக்காலத்தில் எல்லா வாத்தியமும் அடங்கியிருக்க, இந்த ஒரு நாள் மட்டும் அளவெட்டியிலிருந்து நாதஸ்வர மேளம் வந்து, சுருவத்துக்கு முன்னே வாசித்துக்கொண்டு போவது முன்னாளில் வழக்கமாக இருந்தது. அந்த வசனத்தின் வாலில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: சான்று தேவை.

"அண்ணை, இதை ஆர் ஒட்டினது?"

"நான்தான்."

"உங்கடை கட்டுரைக்கு நீங்களேயோ?"

"எழுதினதும் நான்தான், சான்று இல்லாததும் உண்மைதான். வேறை ஆள் எழுதியிருந்தால் ஒட்டியிருப்பன்தானே?"

"நானும் சின்னனிலை அந்த மேளத்தைக் கண்டனான் அண்ணை. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் சற்று நேரம் புட்டைக் கிளறிக்கொண்டிருந்தார். "முன்னுக்குப் போன தவில் என்ரை ஐயாவின்ரை" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது, இந்தப் பைத்தியத்தை அவருக்குக் கொடுத்தது நான் இல்லை. அவருடைய தகப்பனார் ஒவ்வொரு வருடமும் அந்தப் பெருநாளுக்கு வந்து தவில் வாசித்திருக்கிறார். கோயிலில் அவருக்கு ஒரு பெரிய மெழுகுதிரி கொடுப்பார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமியறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவாராம். "ஏன் ஐயா தவக்காலத்திலை அண்டைக்கு மட்டும் மேளம் எண்டு கேட்பன். தெரியாதடா, படிச்சுப்போட்டு நீ எனக்குச் சொல்லு எண்டுவார். படிக்கிறதுக்கிடையிலை சண்டை வந்திட்டுது. இடம்பெயர்ந்தம். ஐயாவும் போய்ச் சேந்திட்டார்." அது மார்ச் இருபத்தைந்து பெருவிழா என்பதால், தவக்காலத்தின் கட்டுப்பாடு அன்றைக்குத் தளரும். அந்தப் பதிலைக் கண்டுபிடித்தபோது சொல்வதற்கு ஐயா இல்லை. அதனால்தான் உலகத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐயாவைப் பற்றிய வசனத்துக்கும் "சான்று தேவை" என்று ஒட்டிய மனிதரை என்ன செய்வது? எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அவர் ஒட்டிய குறிப்பே அவருக்கு வினையானது. இரண்டு நாளில், "ஆந்தை" என்ற புனைபெயரில் எழுதும் ஒருவர் அங்கே வந்தார். ஆள் எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது. தவக்காலத்தில் மேளம் அடித்தார்கள் என்பது நம்பும்படியாக இல்லை, இந்தக் கோயிலைப் பற்றியே அச்சில் ஒரு சான்றும் காட்டப்படவில்லை, ஏழு நாளுக்குள் காட்டாவிட்டால் முழுக் கட்டுரையையும் நீக்கவேண்டும் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

"அந்த ஆந்தைக்கு நல்லாக் குடுங்கோ, அண்ணை!" என்றேன்.

"என்னத்தைக் குடுக்கிறது? ஆந்தை கேட்டது நியாயம்தானே" என்றார். ஆனால் அடுத்த பத்திரத்தில் முத்திரையைத் தலைகீழாகக் குத்தினார்.

ஏழு நாள்! அலுவலகமே ஆந்தைக்கு எதிராகக் கிளம்பியது. மேலதிகாரிகூட, கட்சி விஷயம் இல்லை என்று தெரிந்த மகிழ்ச்சியில் அரைநாள் லீவு கொடுத்தார். நூலகத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டினோம். கப்பல் தட்டிய செய்தி இருந்தது, புடையன் பாம்பு கடித்த செய்தி இருந்தது, எங்கள் மாதாவைக் காணோம். எங்கள் கோயிலின் பழைய பதிவுப் புத்தகங்கள் இடப்பெயர்வில் போய்விட்டன. மூன்றாம் நாள் கொழும்புத்துறைக்கு வந்து, எழுபது தாண்டிய கடற்றொழிலாளி மடுத்தீன் அண்ணையிடம் கேட்டோம்.

"மேளம் வந்ததோ எண்டோ? வந்தது, வந்தது! நான் கூடு தூக்கினனான்! ஆர் இல்லையெண்டது?"

"ஆந்தை எண்டு ஒரு ஆள், அண்ணை."

"எங்கை இருக்கிறான்? கூட்டிக்கொண்டு வா. இல்லாட்டி என்னை அங்கை கூட்டிக்கொண்டு போ!" என்று சாரத்தை மடித்துக் கட்டினார். கலைக்களஞ்சியத்துக்குப் போக எந்த பஸ் என்று கேட்டார்.

"மடுத்தீன் அண்ணை சொன்னதைப் போடலாம்தானே?" என்றேன். சான்று அண்ணை தலையை ஆட்டினார். "வாய்ச்சொல் ஏற்க ஏலாது, தங்கச்சி. அச்சிலை வரவேணும்." தனக்குக் கிடைத்த ஒரே சாட்சியை அவரே தள்ளிவைத்தார். மடுத்தீன் அண்ணைக்குக் கோபம் ஆந்தையிலிருந்து இவர்மேல் திரும்பியது.

ஐந்தாம் நாள் பின்னேரம் பாதரிடமிருந்து அழைப்பு. "கெதியா வாங்கோ! கிடைச்சிட்டுது!"

சான்று அண்ணை முத்திரையை அப்படியே மைப்பெட்டியில் விட்டுவிட்டு ஓடினார். நான் ஸ்கூட்டியில், அவர் சைக்கிளில், ஆனாலும் அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். கோயில் வாசலில் பாதர் ஒரு சின்னப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தைய வருடப் பெருநாளுக்கு அச்சடித்த மலர். அலுமாரி ஒதுக்கும்போது கிடைத்ததாம். எட்டாம் பக்கத்தில் கோயிலின் வரலாறு, கடைசிப் பந்தியில் மேளம்! அளவெட்டி மேளம்! அச்சில், கறுப்பு மையில்!

சான்று அண்ணை பாதரைக் கட்டிப்பிடித்தார். மடுத்தீன் அண்ணை, யாரும் கேட்காமலே, கோயில் மணியை அடித்துவிட்டார். அயலட்டையில் இருந்தவர்கள் யாரோ செத்துப்போனார்கள் என்று ஓடி வந்தார்கள். வந்தவர்களுக்குத் தோடம்பழ இனிப்புக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

சான்று அண்ணை வாங்கிலில் உட்கார்ந்து, எட்டாம் பக்கத்தை முதலிலிருந்து வாசித்தார். பழக்கதோஷம். மூலத்தையும் பிரதியையும் ஒப்பிடும் கண். நடுப்பக்கத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து பீடத்தில் இருந்த சுருவத்தைப் பார்த்தார். மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார்.

"பாதர், மாதாவின்ரை மேலாடை என்ன நிறம்?"

பாதரும் திரும்பிப் பார்த்தார். "பச்சை."

"இதிலை நீலம் எண்டு கிடக்கு."

"ஓ... அச்சுக்காரர் விட்ட பிழையாக்கும்."

"இல்லை, பாதர். நான் விட்ட பிழை."

சான்று அண்ணை மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் குதித்துக்கொண்டு வாசித்தது புதுக் கட்டுரை இல்லை. அதன் சின்ன வடிவம் ஒன்றை அவர் முந்தைய வருடமே எழுதிப் போட்டிருந்தார். எல்லா மாதாவுக்கும் நீலம்தானே என்று சுருவத்தைப் பார்க்காமல் நீலம் என்று எழுதினாராம். அவர் வாழ்நாளில் பார்க்காமல் எழுதிய ஒரே சொல் அதுதான். இரண்டு நாள் கழித்து நேரில் வந்து பார்த்துப் பச்சை என்று திருத்தினார். அந்த இரண்டு நாளுக்குள் யாரோ அதைப் பார்த்து எழுதியிருக்கவேண்டும்.

பாதர் பிடரியைச் சொறிந்தார். "மலருக்குக் கட்டுரை கேட்டவை. நேரமில்லை. இணையத்திலை பாத்தன். எழுதின ஆள் நல்ல விபரமான ஆள் போலக் கிடந்துது."

"அந்த ஆள் நான்தான், பாதர்."

தினமும் காலையில் பச்சை மாதாவுக்கு முன்னால் பூசை வைக்கும் பாதர், நீல மாதாவை அச்சடித்திருக்கிறார்! வேறு நாளாயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"அதுக்கென்ன, அண்ணை? அச்சிலை வந்திட்டுது. போடுங்கோ" என்றேன்.

"நீலத்தை ஆர் பாக்கப்போறான்?" என்றார் மடுத்தீன் அண்ணை.

"நான் பாத்திட்டன்" என்றார் சான்று அண்ணை.

நான் கெஞ்சினேன், திட்டினேன். "உங்கடை ஐயா வாசிச்சது உண்மைதானே? பொய்யையோ எழுதினனீங்கள்?" என்று கோயில் என்றும் பாராமல் கத்தினேன். அவர் கைத்தொலைபேசியை எடுத்தார். அந்த வாங்கிலில் இருந்தபடியே, ஒற்றை விரலால், ஆந்தைக்கு எழுதினார்: மலர் ஒன்று கிடைத்தது, ஆனால் அது என் கட்டுரையைப் பார்த்து எழுதப்பட்டது, எனவே சான்றாகக் கொள்ள வேண்டாம். ஆந்தைக்கு அந்த மலர் இருப்பதே தெரியாது! இவராகவே சொன்னார்.

ஏழாம் நாள் கட்டுரை நீக்கப்பட்டது.

மறுநாள் காலை வழக்கம்போல வந்தார். மேசையில் ஊதாத் துணியை இழுத்துவிட்டார். "நாளைக்குச் சூசையப்பர் பெருவிழா. அந்தக் கட்டுரையிலை ரெண்டு இணைப்பு வேலை செய்யேல்லை" என்றார். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவேயில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, பேப்பரிலை ஆரும் எழுதினால் ஏற்பீங்களோ?"

"ஆர் எழுதுறது?"

"கண்ட ஆள்."

"கண்ட ஆள், தானா எழுதி, அச்சிலை வந்தால் ஏற்கலாம். நான் கேட்டு எழுதினால் ஏற்க ஏலாது. அது சான்று இல்லை, உபகாரம்."

அதற்குப்பின் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஓய்வுபெற்று அளவெட்டியோடு இருந்துவிட்டார். நானும் ஓய்வுபெற்று, வாராந்த இதழ் ஒன்றில் இந்தப் பத்தியை எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு கிழமையும் இதழ் கடைக்கு வந்த அன்றே தொலைபேசி வரும். "தங்கச்சி, மூண்டாம் பந்தியிலை ஆடி எண்டு எழுதியிருக்கிறீர். அது ஆவணி" என்பார். என் பிழை எல்லாவற்றையும் சொல்வார். அந்த மேளத்தைப் பற்றி எழுது என்று ஒரு தரம், ஒரே ஒரு தரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மேலே எழுதியதில் கொஞ்சம் கூட்டிக் குறைத்திருப்பேன். பத்தி எழுதுகிறவளுக்கு அந்த நோய் உண்டு. இனி எழுதுவதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

கொழும்புத்துறையில் பிறந்தவள் நான். எனக்கு ஆறு ஏழு வயதிருக்கும்போது, மங்கள மாதா கோயில் பெருநாளன்று, தவக்காலத்தில், பச்சை மேலாடை உடுத்த மாதாவின் சுருவத்துக்கு முன்னே அளவெட்டி மேளம் வாசித்துக்கொண்டு கடற்கரைவரை போனதை நான் நேரில் கண்டேன். தவில் வாசித்தவர் உயர்ந்த, மெலிந்த மனிதர். நெற்றியில் திருநீறு. பவனி திரும்பி வந்ததும் தவிலைக் கழற்றி வைத்துவிட்டு, மாதாவைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். கோயிலார் அவருக்கு ஒரு பெரிய மெழுகுதிரி கொடுத்தார்கள். பக்கத்தில் அவருடைய மகன் நின்றான், என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். தகப்பன் கையிலிருந்து மெழுகுதிரியை வாங்கி, தலைகீழாகத் திருப்பி, அடியில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தான்.

இதை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. சான்றுக்குப் பக்க எண்ணை மட்டும் நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கோ, அண்ணை.